மேல் நம்பர், கீழ் நம்பர்!

எங்க மாமியாருக்கு வயது 64. ரத்தக் கொதிப்புக்கு நாலு வருஷமா மாத்திரை சாப்பிடுகிறார். ஒருநாள் பார்த்தபோது 128/82 என்று வந்தது. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று அவராகவே நிறுத்தி விட்டார். மூன்றே வாரம்... தலை சுற்றுதுன்னு உட்கார்ந்தவருக்கு 176/104! முன்பு வந்த 128, மாத்திரையின் புண்ணியம் என்பதை டாக்டரம்மா சொன்ன பிறகுதான் ஒப்புக் கொண்டார். (நான் சொன்னால் எடுபடுமா!)

மேல் நம்பர், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் நம்பர், இதயம் தளரும்போது உள்ளது. இரண்டில் எது கூடினாலும் கவனிக்கணுமாம். 140/90-ஐத் தொட்டால், இன்னொரு நாளும் பார்த்துத்தான் உறுதி செய்வார்களாம்.

மாடிப்படி ஏறின கையோடு பார்க்கக் கூடாது. அரை மணி முன்பிருந்தே காபி வேண்டாம். அஞ்சு நிமிஷம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேஜையில் வைத்து, வாய் பேசாமல் இருக்கணும். எங்க மாமியாருக்கு இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்ப கஷ்டம்!

இப்போ தவறாமல் மாத்திரை. அளந்ததை மாதக் காலண்டரில் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்து, டாக்டரம்மாவிடம் காட்டுகிறோம். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய் விட்டது.