ரெண்டு புது டயர்: முன்னாடியா, பின்னாடியா?

காருக்கு ரெண்டு டயர் மட்டும் புதுசா வாங்குறீங்க. முன்சக்கரம்தானே இழுக்குது, புதுசு அங்கதான் போகணும்னு தோணும். ஆனா டயர் கம்பெனிகள் பின்னாடி போடத்தான் சொல்றாங்க.

காரணம் மழை. பட்டன் தேஞ்ச டயரால் தண்ணியை வெளியே தள்ள முடியாது. ரோட்டுப் பிடி விட்டு மிதக்கும். முன்டயர் மிதந்தா ஸ்டியரிங்ல உடனே தெரியும். ஆக்சிலேட்டரை மெல்ல விட்டா, வேகம் குறைஞ்சு பெரும்பாலும் பிடி திரும்பும். பின்டயர் மிதந்தா முன்னறிவிப்பு கிடையாது. வளைவில் வண்டியின் பின்பக்கம் வீசி அப்படியே சுத்திடும். பதறி பிரேக் அடிச்சா இன்னும் மோசம்.

அதனால பழசுல நல்ல ஜோடி முன்னாடி, புதுசு பின்னாடி. ஆனா பழசுல பட்டன் ஆழம் சட்டப்படியான 1.6 மில்லிமீட்டரை நெருங்கிட்டா, நாலையும் மாத்திடுங்க.