மழை ஒரு பக்கம்... மீட்டர் ஒரு பக்கம்!

தை பிறந்து, சம்பா அறுத்து, நெல்லைக் களத்தில் கொட்டிய பிறகுதான் மேகம் கூடும். டெல்டாவில் இது பழகிப்போன கூத்து. போன போகத்தில் எங்கள் நெல்லும் நனைந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானி 19 காட்டியது. 17 சதவிகிதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். குவியலை ஓரமாகத் தள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன்பே பதிவில் ஒரு சிக்கல். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கையில் இருந்தன. ஆனால், ஓ.டி.பி போனது நான் எப்போதோ தொலைத்த சிம்முக்கு! எண்ணை மாற்றவே 2 நாள் அலைந்தேன்.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கெடு நெருங்கியது. வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ‘‘ரெண்டு நாள் பொறுங்கப்பா, காய வெச்சுப் பார்க்கலாம்’’ என்றாள் மகள்.

காய வைப்பதில் கற்றது

நனைந்த நெல்லைக் குவித்தே வைத்தால் சூடேறி, பழுத்து, முளைத்துவிடும். தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, அரை மணிக்கொரு முறை கிளறிவிட வேண்டும். உச்சி வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்தால் மணி வெடித்து, அரைக்கும்போது நொய்யாகும். அந்த நேரத்தில் கூட்டி மூடிவைத்து, வெயில் தாழ்ந்ததும் மறுபடி பரப்பலாம்.

மேல் நெல் மட்டும் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. குவியலின் நடுவிலும் அடியிலும் எடுத்துப் பாருங்கள். மீட்டர் இல்லாதவர்களுக்கு உப்புச் சோதனை இருக்கிறது. உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல், 2 கரண்டி உலர்ந்த தூள் உப்பு போட்டு, ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவிகிதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் தைரியமாகக் கொண்டு போகலாம்.

மூன்றாம் நாள் மீட்டர் 16.5 காட்டியது. நெல் எடைக்குப் போனது. பணம் வரத் தாமதமாகி, கட்டணத்தை அபராதத்தோடுதான் கட்டினோம். ஆனாலும், வியாபாரியிடம் விட்டிருந்தால் ஆகியிருக்கும் நஷ்டத்துக்கு இது எவ்வளவோ மேல்.

மழை நம் கையில் இல்லை. ஆதாரில் இருக்கும் செல்போன் எண் நம் கையில்தான். அறுவடைக்கு முன்பே அதைச் சரிபார்த்துவிடுங்கள்.