குவைத் மணலில் செஞ்சூரியன்

குவைத் என்றதும் எம்மவர் நினைவில் எழுவது 1990 ஓகஸ்ட் 2ஆம் நாளே. ஆயினும் அதே எல்லையில் அதே அச்சம் இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரும் எழுந்து தணிந்தது. அன்று காவலுக்கு நின்ற பிரித்தானியத் தாங்கியின் வரலாறு நாம் அறியத்தக்கது.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரித்தானியரிடம் இருவகைத் தாங்கிகள் இருந்தன. காலாட்படையுடன் மெல்ல நகரும் தடித்த கவசத் தாங்கி ஒன்று; விரைந்து சென்று தாக்கும் குரூசர் தாங்கி மற்றையது. விரைவின் பொருட்டுக் குரூசரின் கவசம் மெலிதாக்கப்பட்டது. வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் அதற்குரிய விலையை உயிரால் செலுத்தியவர்கள் உள்ளே இருந்த வீரர்கள். அந்தப் பட்டறிவினால், ஜெர்மனியரின் 88 மி.மீ. பீரங்கிக்கு ஈடுகொடுக்கவல்ல கனரகக் குரூசர் ஒன்றை வடிவமைக்கும் பணி 1943இல் தொடங்கியது. அதுவே செஞ்சூரியன். முதல் ஆறு தாங்கிகள் 1945 மே மாதம் ஐரோப்பாவை அடைந்தபோது அங்கு போர் முடிந்திருந்தது. பின்னர் கொரியாவிலேயே அது தன் வலிமையைக் காட்டியது.

1961 யூன் 19இல் குவைத் சுதந்திரம் பெற்றது. ஆறே நாட்களில், அது ஈராக்கின் பகுதியே என்று பிரதமர் அப்துல் கரீம் காசிம் அறிவித்தார். குவைத் ஆட்சியாளரின் வேண்டுகோளை ஏற்று யூலை 1இல் பிரித்தானியத் துருப்புகள் கரையிறங்கின. செஞ்சூரியன்களும் வந்தன. முத்லா மேட்டில் காவல் நின்ற வீரர்களை வீழ்த்தியது எதிரியன்று, வெயிலே. போர் மூளவில்லை. சில மாதங்களில் அரபு லீக் படை பொறுப்பேற்றது. காசிம் உண்மையில் படையெடுக்க எண்ணினாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒருமித்த கருத்துடையவர்களல்லர்.

செஞ்சூரியனுக்கென ஆக்கப்பட்ட 105 மி.மீ. பீரங்கியைப் பொருத்தி, விக்கர்ஸ் நிறுவனம் இந்தியாவுக்காக எடை குறைந்த தாங்கியொன்றை வடிவமைத்தது. 1965 முதல் சென்னையை அடுத்த ஆவடியில் 'விஜயந்தா' என்ற பெயரில் உருவானது அதுவே. அதன் உடன்பிறப்பான விக்கர்ஸ் தாங்கியைக் குவைத்தும் வாங்கியது. செஞ்சூரியனின் வழித்தோன்றலான சீஃப்டெய்ன் தாங்கிகளையும் பின்னர் வாங்கிக்கொண்டது.

ஆனால் 1990இல் ஈராக்கியப் படை எல்லையைக் கடந்த வேளையில் குவைத் படை முழு ஆயத்தநிலையில் இருக்கவில்லை. 35ஆவது கவசப் படையணியின் சீஃப்டெய்ன்கள் ஜஹ்ரா அருகே தீரத்துடன் பொருதின; வெடிபொருள் தீரவே சவூதி எல்லைக்குப் பின்வாங்கின. 1961இல் தாங்கி எதிரிக்கு முன்னர் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு வல்லரசின் உறுதியும் நின்றது. 1990இன் முதல் நாளில் இவ்விரண்டும் இல்லை.

அந்தக் குறைபாட்டின் சுமை பொதுமக்கள்மீதே வீழ்ந்தது. அவர்களுள் இலங்கையிலிருந்து வீட்டுப்பணிக்குச் சென்ற பெண்கள் இருந்தனர். தமிழகத்துத் தொழிலாளர் இருந்தனர். சம்பளமும் சேமிப்பும் இழந்து, ஈராக் வழியே யோர்தானின் பாலைவன முகாம்களை அடைந்தோர் பலர். இந்தியா மட்டும் ஏறத்தாழ 1,70,000 பேரை விமானங்களில் மீட்டது. தாங்கிகளின் வரலாற்று நூல்களில் இம்மக்களுக்கு இடமில்லை. அவர்களையும் சேர்த்து எழுதும் கடமை, அவர்களைப் போலவே கையில் ஒரு பையுடன் எல்லை கடந்த எமக்கு உண்டு.