2029-ல் பூமிக்கு மிக அருகில் வரும் 'அபோபிஸ்' விண்கல்: மோதாது என விஞ்ஞானிகள் உறுதி

ராட்சத விண்கல் வருகிறது, 2029-ம் ஆண்டோடு உலகம் அழிந்து விடும் என்று அடிக்கடி ஒரு பேச்சு கிளம்புகிறது. விண்கல் வருவது நிஜம்தான். ஆனால் அது பூமி மீது மோதாது. இன்னும் குறைந்தது 100 ஆண்டுகளுக்கு அதனால் ஆபத்து இல்லை என்று விஞ்ஞானிகள் கணக்கு போட்டு உறுதி செய்து உள்ளனர்.

அந்த விண்கல்லின் பெயர் 'அபோபிஸ்'. பழங்கால எகிப்து கதைகளில் வரும் இருட்டு பாம்பின் பெயர் இது. இதன் சராசரி குறுக்களவு சுமார் 340 மீட்டர். 3 கால்பந்து மைதானங்களை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய அவ்வளவு நீளம் வரும். பார்ப்பதற்கு நிலக்கடலை போல நடுவில் ஒடுங்கி இருக்கலாம் என்று ராடார் படங்கள் காட்டுகின்றன.

324 நாளில் ஒரு சுற்று

அபோபிஸ் பூமியை சுற்றவில்லை. பூமியை போலவே அதுவும் சூரியனைத்தான் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு சுமார் 324 நாள். இந்த பாதை பூமியின் பாதை அருகே குறுக்கிடுகிறது. 2 ரோடு சந்திக்கிற இடத்தில் எப்போதும் விபத்து நடப்பதில்லை. 2 வண்டியும் ஒரே நொடியில் அங்கே வந்தால்தான் மோதல். அந்த ஒரே நொடி வருமா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

பீதி வந்தது எப்படி?

2004-ம் ஆண்டு ஜூன் 19-ந்தேதி அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிட் பீக் ஆய்வு மையத்தில் இது கண்டுபிடிக்கப்பட்டது. 2 நாள் பார்த்ததோடு சரி. பிறகு டிசம்பரில்தான் மீண்டும் கண்ணில் பட்டது. கொஞ்ச நாள் பார்த்ததை வைத்து கணக்கு போட்டதில், 2029-ல் மோத 37-ல் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதாக தெரிய வந்தது. உலகமே பரபரப்பானது.

உயரமாக அடித்த கிரிக்கெட் பந்தை முதல் நொடியில் மட்டும் பார்த்தால், எங்கே விழும் என்று சொல்ல முடியாது. மைதானத்தில் பாதி இடம் சந்தேகத்தில் இருக்கும். பந்தை தொடர்ந்து பார்க்க பார்க்க அந்த இடம் சுருங்கும். விண்கல் கணக்கும் அப்படித்தான். 2004 மார்ச் மாதம் எடுத்த பழைய படங்களை தேடியபோது, அவற்றில் அபோபிஸ் சிக்கியது. அதை சேர்த்து கணக்கு போட்டதும் 2029 பயம் நீங்கியது.

அதன்பிறகும் 2036, 2068 ஆகிய ஆண்டுகள் பற்றி சந்தேகம் இருந்தது. 2036-க்கு ஆபத்து இல்லை என்று 2013-ல் தெரிந்தது. 2021 மார்ச்சில் 1 கோடியே 70 லட்சம் கி.மீ. தூரத்தில் அபோபிஸ் சென்றபோது, அமெரிக்காவில் இருந்து ராடார் அலைகளை அனுப்பி தூரத்தை அளந்தார்கள். 150 மீட்டர் அளவுக்கு துல்லியமாக கணக்கு கிடைத்தது. 2068 சந்தேகமும் தீர்ந்தது.

சித்திரை முதல் நாள்

2029 ஏப்ரல் 13-ந்தேதி வெள்ளிக்கிழமை, அபோபிஸ் பூமியின் தரையில் இருந்து சுமார் 32 ஆயிரம் கி.மீ. தூரத்தில் கடந்து செல்லும். டி.வி. ஒளிபரப்புக்கான செயற்கை கோள்களே சுமார் 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில்தான் உள்ளன. அதைவிட பக்கத்தில் வருகிறது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். இவ்வளவு பெரிய விண்கல் இவ்வளவு அருகில் வருவது, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் அபூர்வம்.

ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் வானம் தெளிவாக இருந்தால் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நகரும் நட்சத்திரம் போல தெரியும்.

பூமியின் ஈர்ப்பு சக்தி இழுப்பதால் அதன் பாதையும் மாறி விடும். பிறகு சூரியனை சுற்ற ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். 2023-ல் பென்னு விண்கல்லின் மண்ணை பூமிக்கு கொண்டு வந்த நாசா விண்கலம், அடுத்து அபோபிசை பின்தொடர்ந்து ஆராய திட்டமிடப்பட்டு உள்ளது.

அபோபிஸ் மிக அருகில் வரும் நேரம், இந்திய கணக்குப்படி ஏப்ரல் 14-ந்தேதி அதிகாலை சுமார் 3.15 மணி. அன்று சித்திரை முதல் நாள். வழக்கம்போல விடியும், பயம் வேண்டாம்.