மண் தாங்கும் குழாய்

புக்கிட் ரோத்தானைச் சூழ்ந்த கோல சிலாங்கூர்க் கரையோரச் சமவெளி பெரும்பாலும் மென்களிமண் நிலம். நீரை வடித்தால்தான் அங்கே செம்பனை நிலைக்கும். ஆதலின் தோட்டச் சாலைகளின் குறுக்கே புதைக்கப்படும் வடிகால் குழாய்கள் இன்றியமையாதவை. குழாய் நசுங்கினால் நீர் தேங்கும். சாலையும் குடியிருப்பும் அல்லலுறும். குலையேற்றிய லோரியின் சுமையை நெகிழிக் குழாய் எவ்வாறு தாங்குகிறது என்பதை இங்கு ஆராய்வோம்.

சிமெண்டுக் குழாய் விறைப்பானது, தன் சுவரின் வலிமையால் சுமையைத் தாங்கும், இயலாதபோது வெடிக்கும். நெகிழிக் குழாயோ வளைந்து கொடுக்கும். மேலிருந்து அழுத்தம் வருங்கால் அதன் உயரம் சற்றுக் குறைந்து, அகலம் சற்று மிகும். அகலும் குழாய் பக்கத்து மண்ணைத் தள்ள, மண் எதிர்த்துத் தள்ளும். குழாயைக் காப்பது இவ்வெதிர்ப்பே. இதனை நாம் 'பக்கத்தாங்கல்' எனலாம்.

இவ்வறிவும் வயல் வடிகாலிலிருந்தே பிறந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆன்சன் மார்ஸ்டன், பள்ளத்தில் புதைத்த குழாய்மீது மண் ஏற்றும் சுமைக்குரிய கோட்பாட்டை 1913இல் வெளியிட்டார். அவர் மாணவர் மெர்லின் ஸ்பாங்லர் 1941இல் நெகிழும் குழாய்க்கான வாய்பாட்டைத் தந்தார். அதன்படி நெகிழிக் குழாயின் உருக்குலைவைத் தடுப்பதில் சுவரின் விறைப்பைவிடப் பக்க மண்ணின் விறைப்பே பெரும்பாலும் மேலோங்குகிறது.

ஆழமும் கருதத்தக்கது. கெட்டித்த மண் கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 டன் எடையுள்ளது. ஆழம் மிக மிக அதன் சுமை மிகும். சக்கரத்தின் அழுத்தமோ, ஆழம் இரட்டித்தால் நான்கில் ஒன்றாகும். 5 டன் சுமக்கும் ஒரு சக்கரத்தைக் கொள்வோம். அரை மீட்டர் ஆழத்தில் மண்ணும் சக்கரமும் சேர்ந்து சதுரமீட்டருக்கு ஏறத்தாழ 10.5 டன் அழுத்தும்; 1 மீட்டரில் 4.2 டன், 2 மீட்டரிலும் அதே 4.2 டன். அதற்கப்பால் மண்ணின் எடையே ஓங்கும். மேலோட்டமாகப் புதைத்த குழாய் லோரிக்கு அடியில் நசுங்குவதன் காரணம் இதுவே.

தோண்டியெடுத்த ஈரக்களியையே மீண்டும் நிரப்பினால் பக்கத்தாங்கல் கிட்டாது. மணலையோ சிறுகல்லையோ இருபுறமும் சமமாக, மெல்லிய அடுக்குகளாக இட்டுத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். குழாயின் அடிவளைவில் வெற்றிடம் இருத்தலாகாது. உயரக் குறைவு விட்டத்தில் 5 விழுக்காட்டைக் கடவாதிருத்தல் பொதுவான வரம்பு. 300 மில்லிமீட்டர் குழாய்க்கு அது 15 மில்லிமீட்டர்.

மாணவர் இதனை வகுப்பிலேயே காணலாம். நெகிழிப் புட்டியிலிருந்து வெட்டிய வளையம் விரலழுத்தத்தில் தட்டையாகும். அதனையே பெட்டியில் கிடத்தி, இருபுறமும் மணலை இடித்து நிரப்பி மேலிருந்து அழுத்தினால், அவ்வளவு எளிதில் தட்டையாகாது.