தேர்வு வந்தால் நாள் ஏன் தள்ளிப்போகிறது?

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் மாசி, பங்குனியில் புதுக்கோட்டைப் பக்கத்து விடுதிகளில் மாணவிகள் தங்களுக்குள் மெல்லக் கேட்டுக்கொள்வது உண்டு: "இந்த மாசம் உனக்கு வந்துருச்சாடி?" தேர்வு முடிந்ததும் பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். தலையில் ஏறிய கவலை சினைப்பைக்கு எப்படித் தெரிந்தது?

மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞையால்தான் சினைப்பை இயங்குகிறது. பதற்றம், தூக்கமின்மை, அரைவயிற்றுச் சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் அந்தச் சமிக்ஞை தளரும்; முட்டை வெளிவருவது தள்ளிப்போகும். 1930களில் கனடாவின் மான்ட்ரியலில் ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே எலிகளை வாட்டிப் பார்த்தபோது, அழுத்த ஹார்மோன்களைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி பருத்தது, சினைப்பை சுருங்கியது.

மூளையைச் சுற்றாத நேர்வழியும் உண்டு. முட்டையைச் சூழ்ந்திருப்பவை கிரானுலோசா செல்கள். அவற்றுக்கு வெளியே தீக்கா செல்கள். ஒருவர் நூற்றுக் கொடுக்க மற்றவர் நெய்வதுபோல, தீக்கா செல்கள் கொலஸ்ட்ராலிலிருந்து ஆண்ட்ரோஜனைச் செய்து தர, கிரானுலோசா செல்கள் அதை ஈஸ்ட்ரோஜனாக்குகின்றன. சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சையில் முட்டையோடு உறிஞ்சி எடுக்கப்படும் கிரானுலோசா செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். மனஅழுத்த ஹார்மோன்களான கார்ட்டிசாலுக்கும் அட்ரினலினுக்கும் அவற்றிலேயே ஏற்பிகள் இருந்தன. மூளையின் அழுத்தச் சமிக்ஞையான சி.ஆர்.எச். பட்டதும் அவற்றின் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி குறைந்தது.

இந்தச் செல்கள் வந்த கார்ட்டிசாலை அப்படியே ஏற்பதும் இல்லை. முட்டை முதிரும் நாட்களில் ஒரு நொதி அதைச் செயலற்ற கார்ட்டிசோனாக்கிவிடுகிறது. முட்டை வெளிவரும் தறுவாயில் வேறொரு நொதி கார்ட்டிசோனைத் திரும்பக் கார்ட்டிசாலாக்குகிறது. முட்டைக்கு வழிவிடச் சினைப்பையின் சுவர் கிழிகிறது அல்லவா, அந்தப் புண்ணின் அழற்சியை ஆற்றவே இந்த ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, கார்ட்டிசால் எப்போதும் பகை அல்ல. அளவும் காலமும்தான் கணக்கு.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மருத்துவப் பட்டம் பெற்ற 1912இல், ஈஸ்ட்ரோஜனை யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. அது நடந்தது 1929இல். இன்று செல்லுக்குள் இருக்கும் நொதி வரை தெரிகிறது. ஆனால் கிண்ணத்தில் வளர்ந்த செல் வேறு, முழு உடம்பு வேறு. குழந்தையில்லாத பெண்ணிடம் "கவலைப்பட்டே கெடுத்துக்கொண்டாய்" என்று சொல்ல இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போனால், கருத்தரித்திருக்க வாய்ப்பில்லை என்றால் பதற வேண்டாம். மூன்று மாதம் வராவிட்டால் பரீட்சைமேல் பழிபோடாமல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணமும் இருக்கலாம்.