நெல்லைச் சரக்கும் வெளிநாட்டு ஆய்வுக்கூடமும்

மலச்சிக்கல் என்று சொல்லி வருபவருக்கு நாட்டு மருந்துக்கடையில் நிலாவாரைப் பொடியைப் பொட்டலம் மடித்துக் கொடுக்கிறோம். அதே இலைக்கு மேல்நாட்டு மருந்து நூல்களில் 'தின்னவேலி சென்னா' என்று பெயர். அல்வாவுக்கு முன்பே நமது ஊர்ப் பெயரைக் கடல் கடத்திய சரக்கு இது.

தாமிரபரணிக் கால்வாய் பாயாத கரிசலிலும் செம்மண் மேட்டிலும் இது விளைகிறது. விதைத்து இரண்டு மூன்று மாதங்களில் முதல் பறிப்பு. நிழலில் உலர்த்தி, பச்சை நிறம் போகாமல் தரம் பிரித்து, பேல் கட்டித் தூத்துக்குடி வழியாக அனுப்புவது நமது வேலை. அதிலிருந்து மருந்தைப் பிரிப்பது நீண்ட காலம் அவர்கள் வேலையாக இருந்தது. சென்னோசைடு என்ற மருந்துப் பொருளை 1941ல் பிரித்தெடுத்தவர் சுவிட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல் குழுவினர்.

வணிகர் கணக்கில் பார்ப்போம். 100 கிலோ இலையில் மருந்துப் பொருள் இரண்டு மூன்று கிலோதான். மீதி 97 கிலோ சக்கைக்கும் கப்பல் கூலி கொடுக்கிறோம்! ஆகவே பிரித்தெடுக்கும் வேலை விளையும் நாட்டுக்கே வருவதில் வியப்பில்லை. இப்போது 20 சதவீதம், 60 சதவீதம் என்று செறிவூட்டிய சாறுப்பொடியாகவே இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகிறது. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளில் பல வெளிமாநிலங்களில் இருக்கின்றன என்பதுதான் நமக்குள்ள வருத்தம்.

இப்படி வெளிநாட்டார் விட்டுக்கொடுக்கும் வேலையைப் பிடித்து வளர்ந்ததற்குப் பெங்களூர் பயோகான் நல்ல உதாரணம். 1978ல் ஓர் அயர்லாந்து நிறுவனத்தின் கூட்டோடு, பப்பாளிப் பாலிலிருந்து பப்பெயின் என்ற நொதி தயாரித்து அனுப்பத் தொடங்கினார் கிரண் மஜும்தார். 1993ல் சின்ஜீன் என்ற துணை நிறுவனம் பிறந்தது. பிற நாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குக் கூலிக்கு ஆராய்ச்சி செய்து கொடுப்பதே அதன் தொழில். தொடக்கம் பப்பாளிக்காய்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் இலை கறுக்கும், பூஞ்சை பிடிக்கும். பூச்சிமருந்து எச்சம், கன உலோகம், பூஞ்சை நஞ்சு என்று துறைமுகத்தில் சோதித்து ஒரு கண்டெய்னரையே திருப்பிவிடுவார்கள். பத்துச் சந்தைகளில் வாங்கிய இலையை ஒன்றாகக் கொட்டிக் கலந்த வியாபாரி, எந்த வயல் சரக்கில் குற்றம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? கொள்முதலின்போதே விவசாயி பெயர், பறித்த தேதி குறித்துத் தனி லாட்டாக வைப்பதற்கு ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும். இதைச் செய்யாமல் விலை கட்டவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

சட்டங்களும் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்கா 2002ல் கற்றாழை, காஸ்கரா பேதி மருந்துகளைக் கடை விற்பனையிலிருந்து நீக்கியது, நிலாவாரை தப்பியது. 2021ல் ஐரோப்பிய ஒன்றியம் உணவுத் துணைப்பொருள்களில் சேரும் நிலாவாரையைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. ஒரே நாட்டு வாங்குபவரை நம்பிக் கிட்டங்கியை நிரப்புவது ஆபத்து.

உரிமை விஷயத்தில் மஞ்சளை நினைவில் கொள்ளவும். புண் ஆற்றும் குணத்துக்கு 1995ல் அமெரிக்காவில் வழங்கிய காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்த பிறகு 1997ல் ரத்தாயிற்று. நமது மளிகைப் பெட்டியில் கிடக்கும் மஞ்சளுக்கே இந்தப் பாடு! 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, வெளிநாட்டு நிறுவனம் நமது மூலிகையை ஆராய்ச்சிக்கு எடுக்கச் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். சாம்பிள் கேட்டு யாராவது கடிதம் எழுதினால், தபாலில் போடுமுன் இதை விசாரிக்கவும்.

உள்நாட்டு வணிகருக்கு 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு சலுகை உண்டு. காட்டில் பறித்ததல்ல, சாகுபடி செய்த மூலிகை என்று பிறப்பிடச் சான்று காட்டினால் போதும். மேலே சொன்ன கொள்முதல் நோட்டு அதற்கும் உதவும்.